பழக்கழிவிலிருந்து எரிவாயு: குழிக்கு அளந்து இரை இடுதல்

மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரி ஜில்லாவின் பழக்கூழ்த் தொழிற்சாலைகளுக்கு அருகிலும், விலை சரிந்த நாட்களில் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையின் ஓரங்களிலும் நடந்து சென்றவர்களுக்கு நாம் சொல்லப்போகும் விஷயம் முதலில் மூக்கின் வழியாகவே தெரிந்திருக்கும். தோலும் கொட்டையும் அழுகிய காயும் குவிந்து, ஈ மொய்த்து, சாறு ஓடையில் கலக்கிறது. மாம்பழத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு தோலும் கொட்டையுமாகவே கழிகிறது. இவ்விதம் நாறிக் கிடக்கும் பொருளில் அடுப்பெரிக்கும் சக்தியும் வயலுக்கு வேண்டிய சத்தும் அடங்கியுள்ளன. குடியானவர் இவ்விரண்டையும் வேறிடத்தில் விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு காட்சியும் பல கிராமங்களில் உண்டு. முன்னாளில் ஆர்வத்துடன் கட்டப்பட்ட சாண எரிவாயுக் குழிகள் சில, இன்று குப்பை நிரம்பிக் கிடக்கின்றன. உழவுக்கு டிராக்டர் வந்தபின் தொழுவத்தில் மாடு குறைந்தது. மாடு குறையவே சாணமும் குறைந்தது. குழியும் பட்டினியால் ஓய்ந்தது. இத்தகைய குழிகளுக்குப் பழக்கழிவும் சமையற்கழிவும் நல்ல துணையாகும் என்று கேள்வியுற்று, கூடை கூடையாகக் கொட்டிப் பார்த்தவர்களும் உண்டு. பத்து நாள் வாயு பெருகி, பிறகு அடியோடு நின்று, குழி புளித்துப்போனதே அவர்களிற் பலர் கண்ட பலன். குற்றம் பழத்தினுடையது அன்று; குழியினுடையதும் அன்று. அளவறியாமல் இட்டதே காரணம். ஆதலின் இக்கட்டுரையில் அளவைப் பற்றியே அதிகமாகச் சொல்லப் போகிறோம்.

வாயு உண்டாகும் விதம்

காற்றுப் புகாத இடத்தில் தாவரப் பொருள்களும் சாணமும் அழுகும்போது எரியக்கூடிய வாயு உண்டாகிறது. 1776-ஆம் வருஷத்தில் இத்தாலி தேசத்து விஞ்ஞானி வோல்டா, ஏரிச் சேற்றைக் கிளறி மேலெழுந்த குமிழிகளைச் சேகரித்து, அவை தீப்பற்றி எரிவதைக் கண்டார். நம் நாட்டில் 1897-இல் பம்பாயைச் சேர்ந்த மாதுங்காவில், குஷ்டரோகிகள் விடுதியின் கழிவுத் தொட்டியிலிருந்து வாயு சேகரித்து உபயோகிக்கப்பட்டது. ஜஷ்பாய் படேல் 1950-களில் உருவாக்கிய மிதக்கும் வாயுக்கலம் உள்ள அமைப்பைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் பின்னர் நாடெங்கும் பரப்பியது. 1984-இல் ‘தீனபந்து’ என்னும் செங்கல் குவிமாடக் குழி செலவைக் குறைத்துக் கொடுத்தது.

இவ்வாயுவில் நூற்றுக்கு 50 முதல் 70 பங்கு வரை மீத்தேன். மிச்சத்தில் பெரும்பகுதி கரியமில வாயு. சிறிதளவு ஹைட்ரஜன் சல்பைடும் உண்டு. அழுகிய முட்டை நாற்றத்தைத் தருவது அதுவே. எரிவது மீத்தேன் மட்டுமே என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குழியிலிருந்து வாயு நிறைய வருகிறது, ஆனால் எரியவில்லை என்று சிலர் முறையிடுவதற்குக் காரணம், அதில் கரியமில வாயு மிகுந்திருப்பதே.

குழிக்குள் வேலை செய்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகள். அவற்றில் இரு பெரும் கூட்டங்கள் உள்ளன என்று எளிதாகக் கொள்ளலாம். முதற் கூட்டம் இட்ட பொருளைக் கரைத்துப் புளிப்பாக்கும். அதாவது அமிலமாக மாற்றும். இரண்டாங் கூட்டம் அந்தப் புளிப்பை உண்டு மீத்தேனாக்கும். முதற் கூட்டம் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகப் பெருகக்கூடியது. இரண்டாவதோ பெருகுவதற்குப் பல நாட்கள் எடுத்துக்கொள்ளும். ஒருவர் சமைக்கும் வேகத்திற்கு மற்றவர் உண்ண இயலாவிட்டால் பண்டம் மிஞ்சுவதுபோல, குழியிலும் புளிப்பு மிஞ்சிவிடும். புளிப்பு மிஞ்சினால் மீத்தேன் உண்டாக்கும் கிருமிகள் தளர்ந்து மடியும். அவை மடிய மடியப் புளிப்பு மேலும் ஏறும்.

சாணமும் பழமும் ஒன்றல்ல

மாட்டுப் பொங்கலன்று அன்பின் மிகுதியால் சர்க்கரைப் பொங்கலும் பழமும் அளவின்றி ஊட்டி, இரவில் மாடு வயிறு உப்பிப் படுத்துவிட, மிருக வைத்தியரைத் தேடி ஓடிய அனுபவம் பல வீடுகளில் உண்டு. வைக்கோலை நாள் முழுதும் தின்றாலும் மாட்டுக்குக் கேடில்லை. சோற்றைத் தொட்டி நிறையத் தின்றால் உயிருக்கே ஆபத்து. மாவும் சர்க்கரையும் வயிற்றில் விரைந்து புளிப்பதே காரணம்.

வாயுக் குழியும் மாட்டின் வயிற்றைப் போன்றதே. உவமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. குழியில் வேலை செய்யும் கிருமிகள் பெரும்பாலும் மாட்டின் குடலிலிருந்து சாணத்தின் வழியாக வந்தவையே. சாணம் மாட்டின் வயிற்றில் ஒரு முறை செரித்து வந்த பொருள். விரைவில் புளிக்கக்கூடிய பகுதி அதில் கொஞ்சமே. அது மெதுவாக வாயு தரும். அளவு சற்று ஏறினாலும் பொறுத்துக்கொள்ளும். மேலும் புளிப்பைத் தாங்கும் காரத்தன்மையும் அதனிடம் உண்டு. பழமும் சோறும் அப்படியல்ல. அவை விரைவாகவும் மிகுதியாகவும் வாயு தரும். அளவு மிஞ்சினால் குழியைக் கெடுத்துவிடும். இரண்டையும் சேர்த்து இடுவதே அனுபவத்துக்கு ஒத்த வழி. பழம் வாயுவைப் பெருக்கும். சாணம் குழியைக் காக்கும்.

எதற்கு எவ்வளவு வாயு

பச்சைச் சாணம் 25 கிலோவிலிருந்து சுமார் 1 கன மீட்டர் வாயு கிடைக்கும். பழத்தோல், காய்கறிக் கழிவு ஆகியவற்றில் நீரே பெரும்பங்கு. எனினும் சுமார் 15 கிலோவில் அதே அளவு வாயு உண்டாகும். சோறு முதலிய சமைத்த உணவின் மிச்சமானால் 10 கிலோ போதும். புனேயில் உள்ள பொருத்தமான கிராமத் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆனந்த் கார்வே 2003-இல் மாவுப் பொருள்களையும் உணவுக் கழிவையும் கொண்டு இயங்கும் சிறிய வாயுக்கலத்தை உருவாக்கினார். அதற்காக 2006-இல் அந்நிறுவனத்துக்கு இங்கிலாந்தின் ஆஷ்டன் விருது அளிக்கப்பட்டது. வீட்டு மாடியிலும் முற்றத்திலும் வைக்கக்கூடிய கலங்கள் நகரங்களில் பரவ இது வழி செய்தது.

1 கன மீட்டர் வாயு ஏறக்குறைய 0.45 கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சமம். ஆகவே நாளொன்றுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் குழி, மாதம் 30 நாளும் தவறாமல் இயங்கினால், 14.2 கிலோ சிலிண்டர் இரண்டுக்குச் சற்றே குறைவான எரிசக்தியைத் தரும். இது ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குப் போதுமானதற்கும் அதிகம். சாணத்தை மட்டும் நம்பினால் இதற்கு நாள்தோறும் 50 கிலோ வேண்டும். சாணம் 25 கிலோவும் பழக்கழிவு 15 கிலோவும் இருந்தாலும் ஏறக்குறைய இதே வாயு கிடைக்கும். நாட்டு மாடு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் தரும் என்று கொண்டால், ஐந்து மாடுகள் வேண்டிய குழியை இரண்டு மூன்று மாடுகளைக் கொண்டே நடத்தலாம். மாடு குறைந்ததால் ஓய்ந்த குழிகளுக்கு உயிர் தரும் கணக்கு இதுவே.

தொடங்கும் முறை

பழைய குழியானால் முதலில் கசிவு, வெடிப்பு ஆகியவற்றை அனுபவமுள்ள கொத்தனாரைக் கொண்டு சரிசெய்து கொள்ள வேண்டும். புதிய குழியானால் வெயில் நன்கு விழும் மேட்டு நிலத்தில், சமையலறைக்கு அருகிலும், குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாத தூரத்திலும் அமைப்பது நலம். நம் சமவெளியின் உஷ்ணம் இவ்வேலைக்கு மிக ஏற்றது. 30 முதல் 38 டிகிரி வரை வாயு நன்றாக ஊறும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் வாயு மிகவும் குறைந்துவிடும்.

முதலில் குழியைச் சாணக் கரைசலாலேயே நிரப்ப வேண்டும். சாணமும் நீரும் சம அளவு. கல், மண், வைக்கோல் இல்லாமல் கரைத்து விட வேண்டும். நன்றாக ஓடும் வேறொரு குழியின் கரைசல் சில குடம் கிடைத்தால், மோருக்குப் பிரை குற்றுவதுபோல அதையும் சேர்ப்பது மிக நன்று. மூன்று நான்கு வாரங்கள் வரை பழத்தைத் தொடவே கூடாது. முதலில் சேரும் வாயுவில் காற்றுக் கலந்திருக்குமாதலால் அதை இரண்டொரு முறை திறந்தவெளியில் விட்டுவிட வேண்டும். கொளுத்திப் பார்த்தல் ஆபத்து. அடுப்பில் நீலச் சுடர் நிலையாக எரிந்த பின்னரே பழக்கழிவைத் தொடங்கலாம்.

2 கன மீட்டர் குழிக்கு முதல் வாரம் நாள்தோறும் 2 கிலோ கழிவு. அடுத்த வாரம் 4 கிலோ. இவ்விதம் வாரத்துக்கு 2 கிலோவுக்கு மேற்படாமல் கூட்டி, 15 கிலோவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். சமைத்த உணவு மிச்சமானால் 10 கிலோவில் நிறுத்த வேண்டும். கழிவைச் சிறு துண்டுகளாக நறுக்கி அல்லது நசுக்கி, சாணத்துடன் கலந்து, ஒரே நேரத்தில் கொட்டாமல் காலையும் மாலையுமாகப் பிரித்து இடுதல் நலம். பழத்திலேயே நீர் மிகுந்திருப்பதால் தனியே அதிக நீர் வேண்டியதில்லை. வெளியேறு தொட்டியிலுள்ள கரைசலின் தெளிவையே கலக்குவதற்கு உபயோகித்தால் நீரும் மிச்சம். கிருமிகளும் திரும்பக் குழிக்குள் போய்ச் சேரும்.

ஆகாத பொருள்கள்

மாங்கொட்டை, எலும்பு, முட்டையோடு, தேங்காய்ச் சிரட்டை ஆகியவை செரிக்காமல் அடியில் தங்கும். வாழைத்தண்டு, பலாச்சடை போன்ற நார்ப்பொருள்கள் மேலே மிதந்து ஆடைபோலக் கட்டி வாயுவைத் தடுக்கும். அவற்றை எருக்குழிக்கு அனுப்புவதே தகும். எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவற்றின் தோலிலுள்ள எண்ணெய் கிருமிகளுக்கு ஆகாது. இரண்டொரு தோல் விழுந்தால் பாதகமில்லை, கூடையாக இடலாகாது. சவுக்கார நீர், பினாயில், பூச்சிமருந்து கழுவிய நீர் ஆகியவை ஒரு சொட்டும் கூடாது. மருந்தூசி போட்டுவரும் மாட்டின் சாணத்தையும் அந்நாட்களில் விலக்க வேண்டும்.

மாம்பழம் ஒரே காலத்தில் குவிந்தால்

பழம் வரும் வேகத்தில் குழி உண்ணாது. தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஏற்படும் பெரிய சோதனை இதுவே. இரண்டு மாதத்தில் குவியும் கழிவை இரண்டு மாதத்திலேயே குழிக்குள் தள்ள முயன்றால் குழி கெடும். மூன்றாம் மாதம் முதல் அடுப்பும் எரியாது. மிகுந்ததைக் கம்போஸ்டு எருவாக்கலாம். அல்லது ஊறுகாய்ப் புல் தயாரிப்பதுபோல, தோலைக் காற்றுப் புகாமல் அடைத்து அழுத்தி வைத்து, பின்னர் சிறிது சிறிதாக எடுத்து இடலாம். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், இவ்விதம் பதனிட்ட மாந்தோலிலிருந்து மீத்தேன் எடுப்பதைப் பற்றி 1993-இல் ஆராய்ச்சி முடிவுகள் வெளியிட்டுள்ளனர். பதனிட்ட தோல் ஏற்கனவே புளித்தது; ஆகையால் அதை இடும்போது அளவில் இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும்.

புளிப்பின் அறிகுறியும் பரிகாரமும்

குழி ஒரே நாளில் கெடுவதில்லை, முன்னதாகவே சொல்லிவிடும். சுடர் நீலம் மங்கி, அடுப்பை விட்டு எழும்பி அணைவது முதல் அறிகுறி. வெளியேறும் கரைசலில் சாணமணம் நீங்கிக் காடியின் புளிப்பு வாடை வீசுவது இரண்டாவது. நுரை பொங்குவது மூன்றாவது. மருந்துக்கடைகளிலும் ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் கடைகளிலும் கிடைக்கும் அமிலம் அறியும் தாளைக் கரைசலில் நனைத்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் நிச்சயமானது. 6.8 முதல் 7.5 வரை இருந்தால் குழி சுகமாயிருக்கிறது. 6.5-க்குக் கீழே இறங்கினால் அன்றே பழத்தை நிறுத்திவிட வேண்டும்.

பரிகாரம் பட்டினியும் பத்தியமுமே. பழத்தை முற்றிலும் நிறுத்தி, சில நாட்கள் ஒன்றும் இடாமல் விட்டு, பிறகு புதுச் சாணக் கரைசலை மட்டும் சிறிதளவு இட்டு வர வேண்டும். புளிப்பு மிகுந்தால் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். தாளில் 7 தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். சுண்ணாம்பை மூட்டையாகக் கொட்டுவது நோயினும் கொடிய மருந்து. சுடர் மீண்டும் நீலமான பின்னர், முன்போல 2 கிலோவிலிருந்தே தொடங்க வேண்டும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று எண்ணுபவர் இரண்டாம் முறையும் குழியை இழப்பார்.

அபாயங்கள்

பழுது பார்ப்பதற்காகக் குழிக்குள் ஒருவரும் இறங்கலாகாது. உள்ளே பிராணவாயு இராது; இரண்டொரு மூச்சில் மயக்கம் வந்துவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். குழியைத் திறந்து காலி செய்து பல நாள் காற்றாட விட்ட பிறகும், தகுந்த உபகரணமுள்ளவர்களைக் கொண்டே அவ்வேலையைச் செய்விக்க வேண்டும். காற்றில் மீத்தேன் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருந்தால் பொறி பட்டதும் வெடிக்கும். குழாயின் கசிவைச் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டுமேயன்றித் தீக்குச்சி கொளுத்திப் பார்க்கலாகாது. சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டினாலும் சரியாக எரியாது. இவ்வாயுவுக்கென்று துளை பெரிதாக்கிய அடுப்பு வேண்டும். குழாயில் நீர் தங்காதபடி சரிவாக அமைத்து, தாழ்ந்த இடத்தில் நீர் வடிக்கும் திருகு வைத்துக்கொள்ள வேண்டும்.

வயலுக்குத் திரும்பும் சத்து

வறட்டி தட்டி எரித்தால் சாணத்திலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. வாயுக் குழியில் அவ்விதமில்லை. அடுப்புக்குப் போவது பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனுமே. தழை, மணி, சாம்பல் சத்துக்கள் ஏறக்குறைய முழுவதும் கரைசலிலேயே தங்குகின்றன. தழைச்சத்தில் ஒரு பகுதி பயிர் உடனே உறிஞ்சத்தக்க அம்மோனியா நிலையில் இருப்பதால், கரைசலை வெயிலில் காய வைத்தால் அது பறந்துவிடும். பாசன நீருடன் கலந்து விடுவதோ, காய்ந்த சருகும் சோகையும் பரப்பிய எருக்குழியில் ஊற்றி மட்கவிடுவதோ நல்லது. சிலிண்டர் செலவைக் கணக்கிடுபவர்கள் இந்த எருவின் மதிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டாலன்றிக் குழியின் உண்மையான ஆதாயம் விளங்காது.

கிராம அதிகாரிகளுக்கு

பெரிய அளவில் இவ்வேலை நடைபெற முடியும் என்பதற்கு அத்தாட்சி வேண்டுவோர் நகரங்களை நோக்கலாம். சென்னைக் கோயம்பேடு சந்தையின் காய்கறி, பழக்கழிவிலிருந்து மின்சாரம் எடுப்பதற்கு நாளொன்றுக்கு 30 டன் கொள்ளும் நிலையம் 2005-இல் அமைக்கப்பட்டது. இந்தூர் நகரில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட நிலையம் நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவைக் கொள்ளும்படியும், சுமார் 17,000 கிலோ வாகன எரிவாயு தரும்படியும் திட்டமிடப்பட்டது. அந்நகரத்தார் வீட்டு வாசலிலேயே ஈரக்கழிவையும் உலர்கழிவையும் பிரித்துக் கொடுக்கப் பழகியிருந்தனர். யந்திரத்துக்கு முன்னதாக அப்பழக்கம் வந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் வாரச்சந்தை, கலியாண மண்டபம், கோயில் அன்னதானக் கூடம், பள்ளிச் சமையற்கூடம் ஆகியவற்றின் கழிவை இவ்விதம் உபயோகிக்க முன்வரலாம். ஆனால் குழி வெட்டுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். நாள்தோறும் தவறாமல் எத்தனை கிலோ கழிவு வரும்? பிளாஸ்டிக் பை கலவாமல் பிரித்துத் தருபவர் யார்? நாள்தோறும் அளந்து இட்டுக் கணக்கெழுதப் பொறுப்பேற்பவர் யார்? திருவிழா நாளில் குவியும் கழிவைப் பார்த்து அதற்கேற்பப் பெரிய குழி கட்டினால், மற்ற நாட்களில் அது பட்டினி கிடக்கும். சாதாரண நாளின் கழிவுக்கே குழி; திருவிழாவின் மிச்சம் எருக்குழிக்கு. இம்மூன்று கேள்விகளில் மூன்றாவதற்கு விடை கிடைக்காத இடங்களில் கட்டடம் மட்டுமே மிஞ்சும்.

அரசாங்க உதவித்தொகைகளின் விதிகள் அவ்வப்போது மாறுபவை. வேலை தொடங்குமுன் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் நேரில் விசாரித்துக்கொள்வது உசிதம்.

முடிவாக

குழியின் பக்கத்தில் ஒரு தராசும், சுவரில் ஒரு நோட்டுப் புத்தகமும் தொங்கட்டும். தேதி, சாணம், பழம், சுடரின் நிறம் என்று நான்கே கட்டங்கள் போதும். பால் கறக்கும் மாட்டுக்குத் தீவனம் அளந்து வைக்காத குடியானவர் இல்லை. கொம்பும் வாலும் இல்லை என்பதற்காகக் குழியைக் குப்பைத்தொட்டியாகக் கருதுவது தவறு. அதுவும் தொழுவத்தில் கட்டிய ஒரு மாடே. அளந்து இட்டவருக்கு அது வருஷம் முழுவதும் அடுப்பெரிக்கும். வயலுக்கு எருவும் தரும்.